40 எச்பி வாங்கும் முன்

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. மதியத்தில் பட்டறையில் காற்று அழுத்தம் இறங்குகிறது, 40 எச்பி கம்ப்ரசர் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். மகளுக்குக் கோவையிலேயே சீட் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம்.

40 எச்பி கம்ப்ரசருக்கு அவசரப்பட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடாதே. மதியம் சிஎன்சி (கம்ப்யூட்டர் இயக்கும் மெஷின்) பக்கம் அழுத்தம் 5.5 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அளவு) இறங்கும்போது கம்ப்ரசர் பேனலில் எவ்வளவு என்று பார். அங்கே 7 நின்றால் கோளாறு லைனிலோ அடைத்த ஃபில்டரிலோ இருக்கிறது. எத்தனை எச்பி வாங்கினாலும் தீராது. பேனலிலேயே இறங்கி, அன்லோடே ஆகாமல், அதாவது காற்று தருவதை நிறுத்திச் சும்மா சுற்றாமல், ஓடினால்தான் உண்மையில் காற்று போதவில்லை. அழுத்தச் செட்டிங்கை 8 பாருக்கு ஏற்றிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. 1 பார் கூட்டினால் கரண்ட் 6–7 சதவீதம் ஏறும், ஒழுக்கும் கூடும்.

ஞாயிற்றுக்கிழமை மெஷின்களை நிறுத்திவிட்டு, லைன் வால்வுகளைத் திறந்தபடியே கம்ப்ரசரை மட்டும் ஓட்டு. லோடு நேரம், அன்லோடு நேரம் இரண்டையும் பத்துச் சுற்றுக்குக் குறித்துக்கொள். 1 நிமிஷம் லோடு, 3 நிமிஷம் அன்லோடு என்றால் கால் பங்கு வீண். உன் 20 எச்பி ஸ்க்ரூ 7 பாரில் சுமார் 80 சிஎஃப்எம் (நிமிஷத்துக்கு இத்தனை கன அடி காற்று) தரும். அதில் 20 ஒழுகிப் போகிறது, அதாவது 5 எச்பி. இதற்கு 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்றே போதும். கப்ளர், ஹோஸ் கிளாம்ப், திறந்தபடியே சிக்கிக்கொண்ட ஆட்டோ டிரைன் (தண்ணீரைத் தானே வெளியேற்றும் வால்வு), இந்த மூன்றையும் சோப்புத் தண்ணீர் வைத்துப் பார்.

அடுத்தது டேங்க். ஒரு ஏர் கன்னே 20 சிஎஃப்எம் இழுக்கும், நிமிஷத்துக்கு 570 லிட்டர். உன் 500 லிட்டர் டேங்க் 1 பார் இறங்கினால் தருவது 500 லிட்டர்தான். ஒரு கன்னுக்கு ஒரு நிமிஷம்கூட வராது! சிஎஃப்எம்முக்கு 15 லிட்டர் வைத்தால் உனக்கு 1200 வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு தேவை 100 சிஎஃப்எம் என்றே வைத்துக்கொள். 160 தரும் 40 எச்பி ஃபிக்ஸட் (ஒரே வேகத்தில் ஓடும்) மெஷின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நேரம் அன்லோடில் சும்மா சுற்றும். அப்போதும் முழு லோடு கரண்டில் 25–40 சதவீதம் குடிக்கும். ஆயில் சரியாகச் சூடேறாமல் தண்ணீர் கலக்கும் வாய்ப்பும் உண்டு.

பழைய 20 எச்பியை வைத்துக்கொண்டு விஎஃப்டி, அதாவது தேவைக்கேற்ப வேகம் மாறும் கம்ப்ரசர், வாங்குவதுதான் சரி. ஆனால் சைஸில் ஏமாறாதே. 25 எச்பி விஎஃப்டி தோராயமாக 30 முதல் 100 சிஎஃப்எம் வரை போகும். பழையதன் 80உம் சேர்ந்தால் குறைந்தபட்சமே 110. தேவை 105 ஆனால் இரண்டும் மாறிமாறித் தடுமாறும். 30 எச்பி என்றால் 36 முதல் 120 வரை தனியாகவே தாங்கும், பழையது சேரும்போது 116இல் தொடங்கும். நடுவே பள்ளம் விழாது.

ஞாயிறு எடுத்த லோடு, அன்லோடு நேரங்களையும் மெயின் லைன் பைப்பின் சைஸையும் எழுது. மீதியை அதைப் பார்த்துப் பேசுவோம்.

அன்புடன்,
ராஜு