சனிக்கிழமை படம்: தில்லு முல்லு

எல்லாருக்கும் வணக்கம். இந்தச் சனிக்கிழமை இரவு 7.30க்கு நம் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் ‘தில்லு முல்லு’ போடுகிறோம். கே. பாலசந்தர் இயக்கிய 1981 படம். 2013ல் சிவா நடித்து வந்தது இல்லை; இரண்டு பேர் அதற்குள் கேட்டுவிட்டார்கள்.

பார்க்காத பிள்ளைகளுக்குக் கதை: மீசையில்லாத ஆண்பிள்ளையை நம்பவே நம்பாத முதலாளி தேங்காய் சீனிவாசன். அவரிடம் வேலை பார்க்கும் ரஜினி, பொய் சொல்லிவிட்டுப் பந்தாட்டம் பார்க்கப் போய் மாட்டிக்கொள்கிறார். “அது என் தம்பி” என்று சமாளிக்கிறார். அப்புறமென்ன, மீசையோடு வந்தால் இந்திரன், மீசையில்லாமல் வந்தால் சந்திரன். முதலாளி மகள் மாதவிக்குப் பிடிப்பதோ சந்திரனை! கண்ணைக் கசக்கும் வேடங்களில் பார்த்த சௌகார் ஜானகி இதில் செய்யும் கூத்துக்காகவே நான் மூன்று தடவை பார்த்திருக்கிறேன்.

காலையில் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் இருக்கிறார்கள், 10 மணிக்குள் முடித்துவிடுவோம். சுங்கை சிப்புட் டவுனிலிருந்து வருகிறவர்கள் மோட்டாரைக் கோயில் வாசலில் நிறுத்த வேண்டாம். போன தடவை திரைக்குக் கட்டிய வேட்டியில் கிளிப் கழன்று, கதாநாயகி பாதி முகத்தோடு பாடினார். இந்தத் தடவை கயிறு.

கறிபாப் பலகாரம் ஒன்று 1 வெள்ளி. காசை டப்பாவில் நீங்களே போடுங்கள். போன தடவை 40 கறிபாப் போனது, டப்பாவில் 31 வெள்ளி. மீசை உள்ளவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.