கச்சான் காத்தும் ரெண்டு லைஃப் ஜாக்கெட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆகஸ்ட் லீவுக்கு என்ட தம்பி குடும்பத்தோட கனடாவில இருந்து வந்திருந்தவன், வந்த நாள்ல இருந்து கடலுக்குப் போய் தூண்டில் போடணும் எண்டு ஒரே பிடி, சரி எண்டு மட்டக்களப்பு கல்லடியில ஃபைபர் போட் ஒண்ட ஹயருக்குப் பேசி விடிய அஞ்சரைக்கு இறங்கினம். பெரியாக்கள் நாலு பேர், புள்ளைகள் மூண்டு, போட்காரரும் அவருக்கு உதவிக்கு ஒரு பொடியனும்.

ஏறக்குள்ளயே கேட்டன் லைஃப் ஜாக்கெட் எங்க எண்டு. இருக்கக்கா இருக்கு எண்டு பலகைக்குக் கீழ இருந்து ரெண்டு இழுத்தெடுத்தார், ஒண்டுக்கு கொளுக்கி இல்ல, மற்றது எங்கட இவருக்கே தொளதொளப்பு, அத ஆறு வயசுப் புள்ளைக்குப் போட்டா தண்ணியில விழுந்தா ஜாக்கெட்தான் மிதக்கும், புள்ள கீழால நழுவிடும். எல்லாரும் ஏறிட்டாங்க, நானும் வாய மூடிக்கொண்டு ஏறினன், அது என்ட பிழைதான்.

விடிய கடல் குளம் மாதிரிக் கிடந்திச்சு. தங்கூசி நூல பின்னால விட்டு இழுத்துக்கொண்டு போய் ரெண்டு சூரை மீன் பட்டிச்சு, அறுக்குளா மீன் பிடிச்சுத் தாறன் எண்டவர் பிறகு அந்தக் கதையே எடுக்கல்ல. 1942ல ஜப்பான்காரன் குண்டு போட்டுத் தாட்ட பிரிட்டிஷ்காரன்ட ஹெர்மிஸ் போர்க்கப்பல் இந்தக் கடல்லதான் கிடக்கு எண்டதும் புள்ளைகள் மூண்டும் விளிம்பில தொங்கிக்கொண்டு தேடுதுகள், 50 மீட்டருக்கு மேல ஆழம், என்னத்தத் தெரியப்போகுது.

பத்து மணி போல கச்சான் காத்து எழும்பிச்சு, அந்த நேரம் பாத்து எஞ்சினும் நிண்டிச்சு. மண்ணெண்ணெயில தண்ணியாம். வெளியூர் ஆக்களுக்கு இது விளங்காது, கச்சான் கரையில இருந்து கடலுக்குத்தான் தள்ளும், கரையில நிண்டு பாக்கிறவனுக்கு கடல் சப்பட்டையாத்தான் தெரியும், வெளிய போகப் போகத்தான் அலை. நங்கூரம் போட்டாங்க, கயிறு அடி எட்டல்ல. அவர் பிளக்கக் கழட்டி சாரன் நுனியால துடைச்சு துடைச்சு மாட்டுறார், முகத்துவாரம் வெளிச்ச வீடு தீக்குச்சி அளவுக்கு வந்திட்டுது, சின்னவள் சத்தி எடுத்துக்கொண்டே மாமி வீட்ட போவம் வீட்ட போவம் எண்டு என்ட சீலைய விடல்ல. முக்கா மணித்தியாலம். மறுகா எஞ்சின் பிடிச்சு வந்து சேந்தம்.

அந்தப் போட்காரர்ல எனக்குக் கோவம் இல்ல, காசையும் பாதிதான் எடுத்தார், வாடைக் காத்து தொடங்கினா இந்த உழைப்பும் அவருக்கு இல்ல. ஆனா மீன் பிடிக்கிற போட்ல ரெண்டு பேர் போறது வேற, குடும்பத்த ஏத்திக்கொண்டு போறது வேற. தலைக்கு ஒரு ஜாக்கெட், புள்ளைகளுக்கு புள்ளைகள்ர சைஸ்ல, ஒரு சின்ன ஸ்பெயார் எஞ்சின், இல்லாட்டி நீளக் கயிறாவது, எத்தின பேர் போறம் எத்தின மணிக்கு வருவம் எண்டு கரையில ஒரு ஆளுக்குத் தெரிஞ்சிருக்கணும். இதப் பாக்கிறதுக்குப் பொறுப்பான ஆக்கள் கல்லடியில பாசிக்குடாவில அறுகம்பேயில விடிய ஒருக்கா வந்து நிண்டு போட் தள்ள முதல் தலைய எண்ணினாலே போதும், அதுக்கு ஒரு கொப்பியும் பேனையும் காணும்.

தம்பி அடுத்த வருசமும் போறதாம். புள்ளைகளுக்கு ஜாக்கெட் அங்க இருந்தே வாங்கிக்கொண்டு வாறன் எண்டு நேத்து கோல்ல சொன்னான், மூண்டு பேர்ட நெஞ்சளவும் எடுத்து வச்சிருக்கானாம்.

இப்படிக்கு,
கல்லடியில இருந்து ஒரு வாசகி