சமயத் துறைகளுக்கு ஒரு பொது வகுப்பறை: சென்னைப் பல்கலைக்கழகக் கல்விக் குழுவினருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்விக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சைவ சித்தாந்தம், வைணவம், சமணவியல், கிறித்தவ ஆய்வு, இஸ்லாமிய ஆய்வு ஆகிய ஐந்துக்கும் தனித்தனி இடம் தந்திருக்கும் அரசுப் பல்கலைக்கழகங்கள் நம் நாட்டில் அரிது. 1857இல் தொடங்கப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அந்தப் பெருமை உண்டு. தத்துவம், தொல்லியல், தமிழ், சமஸ்கிருதம், அரபு ஆகியவற்றுக்கும் அங்கே துறைகள் இருக்கின்றன. இத்துறைகளின் ஆசிரியர்கள் சேர்ந்து நடத்தும் பொதுப் பாடம் ஒன்றை முதுகலை வகுப்பில் நிலையாக அமைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

நான் சித்தாந்த சாத்திரங்களைப் பயின்றுவரும் சைவன். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரில் பிற சமயக் கொள்கைகளை ஆராயும் பகுதியான பரபக்கம், உலகமே மெய் என்னும் உலகாயதர், நால்வகைப் பௌத்தர், சமணரான நிகண்டவாதி, ஆசீவகர் தொடங்கி வைணவ ஆகம வழியினரான பாஞ்சராத்திரி வரை ஒவ்வொருவர் கொள்கையையும் முதலில் அவர் கூற்றாகவே எடுத்துவைத்து, அதன் பின்னரே மறுக்கிறது. ஆனால் பாஞ்சராத்திரியின் வாதத்தையும் அதற்கான மறுப்பையும் அந்த ஒரு நூலைக் கொண்டே படித்து ஒரு மாணவர் தேர்வெழுதிவிட முடியும். அதே வகுப்பில் வைணவத் துறை ஆசிரியர் ஒருவரும் அமர்ந்து, ‘எங்கள் ஆகமம் சொல்வது இதுதானா?’ என்று கேட்டால் பாடத்தின் ஆழமே வேறாகிவிடும். ஆசீவகரைச் சமணரில் ஒரு பிரிவினராகப் பரபக்க உரைகள் கொள்வதைச் சமணவியல் மாணவர் கேள்விக்கு உட்படுத்துவார். தொல்லியல் துறையினர் கல்வெட்டுச் சான்றைக் காட்டுவார்கள். சைவ மாணவர் தம் நம்பிக்கையை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டியதில்லை. அதற்குரிய நியாயங்களைப் பிறர் முன்னிலையில் சொல்லப் பழகினால் போதும்.

சமயத்தை உள்ளிருந்து அறிந்தவரின் துணை புலமைக்கு எவ்வளவு தேவை என்பதற்கு நம் பதிப்பு வரலாறே சான்று. கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர், சீவக சிந்தாமணியில் பொருள் விளங்காத இடங்களுக்கு அவ்வூர்ச் சமணரின் வீடு தேடிச் சென்று பாடம் கேட்டார். அவர்களுக்கு அது வழிபாட்டுணர்வோடு போற்றி ஓதும் நூல். 1887இல் வெளிவந்த அவருடைய பதிப்பில், சுவடிகளை ஒப்பிடும் உழைப்போடு அந்தச் சமண இல்லங்களின் அறிவும் கலந்திருக்கிறது. சீறாப்புராணத்துக்கும் தேம்பாவணிக்கும் இது பொருந்தும். காப்பிய மரபை மட்டும் அறிந்தவரும், நபிகளின் வாழ்க்கையையோ விவிலியத்தையோ மட்டும் அறிந்தவரும் தனியே நின்று அவற்றை முழுமையாக விளக்கிவிட முடியாது.

அரசுப் பணத்தில் சமயம் வளர்ப்பதா என்று சிலர் கேட்கக்கூடும், நியாயமான கேள்விதான். முழுவதும் அரசு நிதியில் இயங்கும் கல்வி நிலையங்களில் சமய போதனை கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவு. ஆயினும் சமயங்களைப் பற்றிக் கற்பிப்பது மதச்சார்பின்மைக்கு முரணாகாது என்று அருணா ராய் வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியுள்ளது. இந்த எல்லையைக் காப்பதற்கும் பொது வகுப்பறையே சிறந்த வழி என்று கருதுகிறேன். ஒரே சமயத்தினர் மட்டும் கூடும் அறையில் ஆய்வு பிரசாரமாக நழுவினாலும் எவரும் கவனிக்க மாட்டார்கள்.

பிற துறைகளில் விருப்பப் பாடம் எடுக்க மாணவருக்கு இன்றும் வழி இருக்கிறது. ஆனால் அதில் மாணவர்தான் துறை விட்டுத் துறை போகிறாரே தவிர, ஆசிரியர்கள் ஒரு நூலின் முன் சேர்ந்து அமர்வதில்லை. ஆகவே பரபக்கத்தையோ சிந்தாமணியின் ஓர் இலம்பகத்தையோ (காப்பியப் பிரிவு) எடுத்துக்கொண்டு, குறைந்தது மூன்று துறையினர் சேர்ந்து நடத்தும் ஒரு பருவப் பாடத்தை முதலில் தொடங்கலாம். முனைவர் பட்ட ஆய்வுக்கு வேறொரு சமயத் துறையிலிருந்து இணை நெறியாளர் ஒருவரை அமர்த்தலாம். கிரந்த எழுத்து, பிராகிருதம், அரபு எழுத்தில் எழுதப்படும் அரபுத்தமிழ் ஆகியவற்றுக்கான பயிற்சியைத் துறைகள் பகிர்ந்துகொள்ளலாம். வினாத்தாளும் மதிப்பீடும் எந்த ஒரு துறையின் கையிலும் மட்டும் இருக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். மற்றவற்றைத் தங்கள் அனுபவத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

வரும் கல்விக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்து, துறைத் தலைவர்களின் கருத்தையும் மாணவர்களின் கருத்தையும் கேட்டு முடிவெடுக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இவண்,
சித்தாந்த மாணவன் ஒருவன்