மீதிக் காலத்துக்கு ஓர் அரசா? கூட்டுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் ஒரே காலத்தில் தேர்தல் நடத்த வழிசெய்யும் அரசியலமைப்பு (129ஆவது திருத்தம்) மசோதாவை ஆராயும் நாடாளுமன்றக் கூட்டுக் குழுவின் தலைவர் திரு. பி.பி. சௌத்ரி அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

நான் ஈரோடு மாவட்டத்தில் அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பணியில் இருந்தவரை தேர்தல் அறிவித்தால் எனக்கும் ஆர்டர் வந்துவிடும். முந்தைய நாளே பெட்டியோடு ஏதாவது ஒரு கிராமத்துப் பள்ளிக்குப் போய், பெஞ்சில் படுத்து எழுந்து, மறுநாள் விடியும் முன்பே பூத் ஏஜென்ட்டுகளை உட்கார வைத்து வேலையைத் தொடங்க வேண்டும். ஆகவே அடிக்கடி தேர்தல் வரட்டும் என்று ஆசைப்படுகிற ஆள் நான் இல்லை. தேர்தல் நடத்தை விதி அமலுக்கு வந்தால் எங்கள் ஊர் ஜவுளிச் சந்தை படும் பாடும் தெரியும். ஐம்பதாயிரத்துக்கு மேல் கையில் ரொக்கம் இருந்து, அதற்குச் சீட்டு இல்லையென்றால் பறக்கும் படை பிடித்துக்கொள்ளும். வெளியூர் வியாபாரி அந்த வம்பே வேண்டாம் என்று வராமல் இருந்துவிடுவார். இந்தச் சிரமங்களை யாரும் இட்டுக்கட்டவில்லை. உங்கள் முன் இருக்கும் மசோதா இவற்றைத் தீர்க்குமா என்பதுதான் என் சந்தேகம்.

மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் ஒரே காலத்தில் தேர்தல் என்பதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். நான் பேச வந்தது அதற்குள் இருக்கும் ஒரு விதியைப் பற்றி. ஒரு சட்டமன்றம் இடையில் கலைந்தால், அதன்பின் நடக்கும் தேர்தலில் வருகிற சட்டமன்றத்துக்கு ஐந்தாண்டு கிடையாது, பழையதன் மீதிக் காலம் மட்டும்தான் என்கிறது மசோதா. மக்களவைக்கும் இதே விதி. 83, 172 ஆகிய பிரிவுகளில் செய்யப் போகும் மாற்றம் இதுதான்.

எங்கள் மாநிலத்தின் பழைய கணக்கு ஒன்றில் இதைப் பொருத்திப் பாருங்கள். 1977 ஜூன் இறுதியில் எம்.ஜி.ஆர். முதல்வராகப் பொறுப்பேற்றார். 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் அவருடைய கட்சிக்குத் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் கிடைத்தவை இரண்டு, கோபிச்செட்டிபாளையமும் சிவகாசியும். மக்கள் ஆதரவு போய்விட்டது என்று சொல்லி பிப்ரவரி 17 அன்று டெல்லி அவர் அரசைக் கலைத்தது. மே மாத இறுதியில் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. அதே மக்கள் அவர் கட்சிக்கு 234இல் 129 இடங்களைக் கொடுத்துத் திரும்ப உட்கார வைத்தார்கள்.

இந்த மசோதா அன்றே சட்டமாக இருந்திருந்தால், அப்படி வென்று வந்த அரசுக்கு 1982 நடுவிலேயே ஆயுள் முடிந்திருக்கும். சத்துணவுத் திட்டம் தொடங்கியது 1982 ஜூலை 1 அன்று. அந்த அரசு இல்லையென்றால் சத்துணவே வந்திருக்காது என்று நான் சொல்ல வரவில்லை. வேறு யாராவது கொண்டு வந்திருக்கலாம், அவரே மறுபடி ஜெயித்தும் வந்திருக்கலாம். ஆனால் இரண்டே ஆண்டு கையில் இருக்கும் முதல்வர் மாநிலம் முழுக்கச் சமையல்கூடம் கட்டவும் ஆள் எடுக்கவும் துணிவாரா? அடுத்த தேர்தலுக்கு என்ன கொடுக்கலாம் என்றுதான் யோசிப்பார். இன்னொன்றையும் கவனியுங்கள். கலைத்தது டெல்லி. அதற்கான தண்டனையை அனுபவித்திருக்கப் போவது ஓட்டுப் போட்ட எங்கள் ஆட்கள்.

மாநிலக் கதையாக இருக்கிறதே என்று தோன்றினால் டெல்லிக் கதைக்கே வருகிறேன். 1996இல் அமைந்த மக்களவை இரண்டு ஆண்டுகூட நிற்கவில்லை. 1998இல் ஒன்று, 1999இல் இன்னொன்று. உங்கள் மசோதாவின்படி பார்த்தால் 1999இல் வாஜ்பாய் பெற்ற வெற்றி 2001 மே மாதம் வரைதான் செல்லும். குழுத் தலைவரின் கட்சியான பா.ஜ.க.வினர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

சரி, செலவு குறையுமா? ஒரு சட்டமன்றம் இரண்டு ஆண்டில் கவிழ்கிறது என்று வையுங்கள். இன்றைய முறையில் ஒரு தேர்தல் நடத்தினால் அடுத்த ஐந்தாண்டுக்குக் கவலை இல்லை. மசோதாவின் முறையில் இப்போது ஒரு தேர்தல், மூன்று ஆண்டு கழித்து மக்களவையோடு இன்னொரு தேர்தல். ஆட்சி நிலையாக இருக்கும் மாநிலங்களில் கொஞ்சம் மிச்சமாகலாம். கூட்டணிக் குழப்பத்தில் தவிக்கும் மாநிலங்களில் தேர்தல் கூடத்தான் செய்யும். தேர்தலைக் குறைக்கத்தான் இந்த மசோதா என்றால், இந்த விதி அதற்குள் எப்படி வந்தது என்று எனக்குப் புரியவில்லை.

நடத்தை விதி நீண்டுகொண்டே போவதற்கும் அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. 2024இல் மார்ச் 16 அன்று மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்தது. தமிழ்நாடு ஏப்ரல் 19 அன்று ஒரே நாளில் ஓட்டுப் போட்டு முடித்துவிட்டது. நாடு முழுக்க ஏழு கட்டங்கள் என்பதால் எங்கள் வாக்குப் பெட்டிகள் 46 நாள் பூட்டிக் கிடந்தன, விதிகளும் ஜூன் வரை நீடித்தன. அட்டவணை போட்டது தேர்தல் ஆணையம். அதே ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. 2019இல் ஒரே நாளில் வாக்களித்த ஹரியானாவுக்கும் மகாராஷ்டிரத்துக்கும் 2024இல் அக்டோபர், நவம்பர் என்று தனித்தனியாகத் தேதி குறித்தார்கள். ஏற்கெனவே சேர்ந்திருந்த இரண்டு மாநிலங்களைப் பிரித்துவிட்டு, எல்லா மாநிலங்களையும் சேர்க்கப் போகிறோம் என்றால் கேட்பவர் சிரிக்க மாட்டாரா?

அடுத்து, புதிதாக வரும் 82ஏ பிரிவு. மக்களவையோடு சேர்த்து ஒரு மாநிலத்துக்குத் தேர்தல் நடத்த முடியாது என்று ஆணையம் கருதினால் குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைக்கலாம், அவர் ஆணையிட்டால் தேர்தல் பிற்பாடு நடக்கும். என்ன காரணம் இருந்தால் தள்ளலாம், அதிகபட்சம் எத்தனை மாதம் தள்ளலாம், அதுவரை அந்த மாநிலத்தை யார் ஆள்வது? எதற்கும் அந்தப் பிரிவில் பதில் இல்லை. தள்ளிப் போன நாட்களும் புதிய சட்டமன்றத்தின் கணக்கிலேயே கழியும், ஏனென்றால் அதுவும் மக்களவையோடு சேர்ந்தே முடிந்துவிடும்.

தள்ளிவைக்க ஓர் இடுக்கு கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நாங்களே சாட்சி. இதில் எங்கள் மாநில அரசுகளையும் விட்டுவைக்க முடியாது. ஐந்தாண்டு முடியும் முன் உள்ளாட்சித் தேர்தல் நடத்தியாக வேண்டும் என்று அரசியலமைப்பே சொல்கிறது. அப்படியிருந்தும் 2016 அக்டோபரில் முடிந்த உள்ளாட்சிப் பதவிகளுக்கு, ஊரகப் பகுதிகளில் 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது, அதுவும் 27 மாவட்டங்களில் மட்டும். மிச்ச ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர். நகரங்களுக்கு 2022 பிப்ரவரி. இடையில் எல்லாம் தனி அலுவலர் ஆட்சி. குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் யாரிடம் போய்ச் சத்தம் போடுவது என்றே தெரியாமல் இருந்தோம். காலக்கெடு எழுதி வைத்த இடத்திலேயே இப்படி என்றால், கெடுவே எழுதாத இடத்தில் என்ன நடக்கும்?

ஒரே நாளில் இரண்டு ஓட்டு என்றால் மக்கள் குழம்பிவிடுவார்கள் என்று எங்கள் பக்கம் சிலர் சொல்கிறார்கள். அதை நான் அப்படியே ஏற்கவில்லை. 2019இல் ஒடிசாவில் இரண்டுக்கும் ஒன்றாகத்தான் ஓட்டு. சட்டமன்றத்தில் பிஜு ஜனதா தளத்துக்கு 147இல் 112 கொடுத்தவர்கள், மக்களவையில் 21இல் எட்டை பா.ஜ.க.வுக்குக் கொடுத்தார்கள். ஆனால் எங்கள் அனுபவம் வேறு மாதிரியும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து வந்த 1991லும் 1996லும் ஒரே அலை 39 மக்களவைத் தொகுதிகளையும் அள்ளிக்கொண்டு சட்டமன்றத்தையும் எடுத்துக்கொண்டது. தனித்தனியாக வந்த 1989இல் ஜனவரி மாதம் தி.மு.க.வுக்குக் கோட்டையைக் கொடுத்தவர்கள், நவம்பரில் மக்களவைக்கு அதே கட்சிக்கு ஓர் இடம்கூடத் தரவில்லை. இது நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. டெல்லிக்கு ஒரு கோபம், சென்னைக்கு ஒரு கோபம் என்று தனித்தனியே காட்ட எங்களுக்கு இதுவரை இடம் இருந்தது.

2029 தேர்தலுக்குப் பிறகு இந்தச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கை வந்தால், தமிழ்நாட்டில் 2031இல் அமையக்கூடிய சட்டமன்றம் அந்த மக்களவையோடு சேர்ந்து 2034இல் மூன்றே ஆண்டில் முடியும். எங்கள் ஐந்தாண்டை இப்படி வெட்டும் திருத்தத்துக்கு மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதல் தேவையில்லை என்று ஒரே காலத் தேர்தலை ஆராய்ந்த ராம்நாத் கோவிந்த் குழு சொல்லிவிட்டது. 18,626 பக்க அறிக்கையில் எனக்கு மிகவும் நெருடிய இடம் அதுதான். 2024 டிசம்பர் 17 அன்று இந்த மசோதாவை அறிமுகம் செய்யவே ஆதரவு 269, எதிர்ப்பு 198. நிறைவேற்ற, ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்றால் அன்றைய கணக்கில் 312 தேவைப்பட்டிருக்கும். எண்ணிக்கை போதாத நேரத்தில் அவசரப்படாமல் மாநிலங்களைக் கேட்பதில் என்ன நஷ்டம்?

ஆகவே 39 பேர் கொண்ட உங்கள் குழுவிடம் நான் கேட்பது இவ்வளவுதான். மீதிக் கால விதியை 83இலிருந்தும் 172இலிருந்தும் எடுத்துவிடுங்கள். 82ஏ பிரிவில் தள்ளிவைக்கும் அதிகாரம் இருந்தே தீர வேண்டும் என்றால், காரணங்களையும் காலக்கெடுவையும் எழுத்தில் வையுங்கள். அறிக்கையில் ஓர் அட்டவணையும் சேருங்கள்: 1952 முதல் இடையில் கலைந்த ஒவ்வொரு சட்டமன்றமும் எந்தத் தேதியில் யாரால் கலைக்கப்பட்டது, இந்த மசோதா அன்று இருந்திருந்தால் அடுத்து வென்றவருக்கு எத்தனை மாதம் கிடைத்திருக்கும் என்று. 1959இல் கலைக்கப்பட்ட கேரளத்தையும் 1976, 1980, 1991 ஆகிய ஆண்டுகளில் கலைக்கப்பட்ட தமிழ்நாட்டையும் அதில் விட்டுவிட வேண்டாம். மசோதா வாக்கெடுப்புக்கு வரும் முன்பே அந்த அட்டவணை தமிழிலும் மற்ற மாநில மொழிகளிலும் வெளிவர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர்,
ஈரோடு மாவட்டம்.