"பைலட் தவறு" என்ற உங்கள் பதில் குறித்து

அனுப்புநர்:
உங்கள் எஃப்-16 மாடலை வாங்கிய வாடிக்கையாளர்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ரேடியோவில் ஓட்டும் 10-இல் 1 பங்கு அளவு எஃப்-16 போர் விமான மாடல், டக்டட் ஃபேன் ஜெட் (குழாய்க்குள் சுழலும் விசிறியால் பறப்பது), இடப்பக்க வால் இறக்கை பறக்கும்போதே பிடி நழுவியதால் விழுந்து நொறுங்கியது, வாரன்டி மறுப்பைத் திரும்பப் பெறக் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். என் முதல் புகாருக்கு நீங்கள் அனுப்பிய பதில் மொத்தம் நான்கு வரி. முதல் வரியில் வருத்தம், கடைசி வரியில் நன்றி. விஷயம் நடுவில் இருந்த இரண்டு வரிகளில்தான்: சிக்னல் துண்டிப்போ, பேட்டரி பலவீனமோ, எடைமையம் தவறியதோ, பைலட் தவறோ காரணமாக இருக்கலாம், தரையில் மோதிய மாடல்களுக்கு வாரன்டி கிடையாது. நான் அனுப்பிய ஐந்து படங்களையும் யாராவது திறந்து பார்த்தார்களா என்று தெரியவில்லை. பார்த்திருந்தால் இந்த நான்கில் ஒன்றைக்கூட எழுதியிருக்க மாட்டீர்கள். அதனால் இந்த முறை நடந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

நான் இதற்குப் புதியவன் அல்ல. ஒன்பது வருடமாக மாடல் விமானம் ஓட்டுகிறேன். டக்டட் ஃபேன் ஜெட் இது எனக்கு மூன்றாவது. இதுவரை நிறையவே நொறுக்கியிருக்கிறேன். ஒரு முறை ஏலரான் (விமானத்தை உருட்டும் இறக்கை மடல்) திசையை மாற்றி இணைத்துவிட்டு, சரிபார்க்காமல் ஏற்றினேன். மூன்று நொடி பறந்தது. இன்னொரு முறை வேகம் குறைந்தது தெரியாமல் திருப்பி, இறக்கை முனை தொங்கி, ஸ்டால் ஆகி (இறக்கை தூக்கும் சக்தியை இழந்து) விழுந்தது. அவற்றுக்கெல்லாம் நான் யாருக்கும் கடிதம் எழுதியதில்லை. என் தவறு எந்த முகத்தோடு வரும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இது அந்த முகம் இல்லை.

பன்னிரண்டாவது பறப்பில் இது நடந்தது. அன்று காலை காற்று மெல்லியதாக, ஓடுபாதைக்கு நேராக வீசியது. சிக்னல் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று ரேஞ்ச் செக் செய்தேன். ஆறு செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி முழு சார்ஜில் 25.2 வோல்ட் காட்டியது. கையேட்டில் குறித்த இடத்தில் விரல் வைத்துத் தூக்கி எடைமையம் பார்த்தேன். ஏலரான், ஃப்ளாப், ரடர் எல்லாம் சொன்ன திசையில் அசைந்தன. வால் இறக்கை இரண்டையும் விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். இரண்டும் இறுக்கமாகவே இருந்தன. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

ஏற்றம் வழக்கம்போல. டக்டட் ஃபேனில் புரொப்பெல்லர் காற்று வால் மீது அடிக்காது என்பதால், ஓடி நல்ல வேகம் பிடித்த பிறகுதான் வால் பேச்சைக் கேட்கும். அதற்கு வேண்டிய ஓடுபாதை எங்களிடம் உண்டு. சக்கரங்களை உள்ளே இழுத்து, இரண்டு சுற்று, ஒரு ரோல் (முழு உருட்டல்). அப்புறம் மறுகோடியிலிருந்து முழு த்ராட்டிலில் (மோட்டாரின் முழுச் சக்தியில்) இறக்கி, ஓடுபாதைக்கு மேல் சுமார் 10 மீட்டர் உயரத்தில் லோ பாஸ் கொண்டுவந்தேன். அவ்வளவு தாழ்வாக வரத்தான் வேண்டுமா என்று கேட்டால், வேண்டியதில்லை. அது என் ஆசை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் விளம்பரக் காணொளியில் உங்கள் பைலட் அதைவிடத் தாழ்வாகத்தான் வருகிறார்.

டெலிமெட்ரியில் (விமானம் தானாக அனுப்பும் அளவீடுகளில்) பதிவான வேகம் மணிக்கு 148 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 41 மீட்டர். ஓடுபாதை முடியும் இடத்தில் மேலேற்றுவதற்காக ரிமோட்டின் குச்சியை என் பக்கம் இழுத்தேன். மூக்கு எழுந்தது. கூடவே விமானம் வலப்பக்கம் உருளத் தொடங்கியது. நான் உருட்டவில்லை. இடப்பக்கம் முழு ஏலரான் கொடுத்தேன். உருளும் வேகம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. பாதி உருண்டு தலைகீழான பிறகு குச்சியை இழுத்துப் பிடித்தால் அது தரையைத்தான் நோக்கும். புரிந்து தள்ளினேன், த்ராட்டிலையும் மூடினேன். அதற்குள் மூக்கு மண்ணில் இருந்தது. குச்சியை இழுத்ததிலிருந்து மோதியது வரை, காணொளியில் எண்ணிப் பார்த்தால், மூன்று நொடிகூட இல்லை.

உடனே ஓடிப்போய்த் தொடவில்லை. அடிபட்ட லைப்போ எப்போது தீப்பிடிக்கும் என்று சொல்ல முடியாது. மணல் வாளியோடு அரை மணி நேரம் தள்ளி நின்றோம். பேட்டரி உப்பிக்கொண்டு வந்ததே தவிர எரியவில்லை. மூக்கு, காக்பிட், இடது இறக்கை எல்லாம் நுரைத் துண்டுகள். ஃபேனில் ஒரு பிளேடுகூட முழுதாக இல்லை. ஆனால் வால் பகுதி ஏறக்குறைய அப்படியே கிடந்தது. மூக்கு வாங்கிய அடி வால்வரை வரவில்லை. என் அதிர்ஷ்டம் அது. உங்களுக்கு அது துரதிர்ஷ்டம்தான்.

உங்கள் மாடலில் வால் இறக்கை ஒவ்வொன்றும் ஓர் எஃகுக் கம்பியில் மொத்தமாகத் திரும்புகிறது. உடம்புக்குள் அந்தக் கம்பியை ஓர் உலோகக் கை கவ்விக்கொள்கிறது. அந்தக் கையை சர்வோ என்ற சின்ன மோட்டார் தள்ளுகிறது. கை கம்பியோடு சேர்ந்து நிற்பது ஒரே ஒரு கிரப் ஸ்க்ரூவின் (தலையில்லாத சிறு திருகு) பிடியில். வலப்பக்க வால் இறக்கையைத் திருப்பிப் பார்த்தோம். சர்வோவின் எதிர்ப்பு கையில் தெரிந்தது. இடப்பக்கத்தைத் திருப்பினால் சைக்கிள் பெடல்போல் சுழன்றது. வேறு பேட்டரி கொடுத்து ரிசீவரை (சிக்னல் வாங்கும் கருவி) எழுப்பிக் குச்சியை அசைத்தோம். சர்வோ அசைந்தது, உலோகக் கை அசைந்தது, கம்பி சும்மா நின்றது.

பிறகு இரண்டு பக்கமும் பிரித்தோம். வலப்பக்கக் கம்பியில் ஸ்க்ரூ உட்காரும் இடம் தட்டையாக ராவப்பட்டிருக்கிறது, ஸ்க்ரூ மரையில் அது தளராமல் இருக்கப் போடும் நீல நிறத் திருகுப் பசை காய்ந்திருக்கிறது. முறையான வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. இடப்பக்கக் கம்பி முழு உருண்டை. தட்டை ராவவே இல்லை. ஸ்க்ரூவில் பசையின் சுவடுகூட இல்லை. கம்பியைச் சுற்றி, ஸ்க்ரூ முனை உரசிய இடத்தில், மோதிரம் போட்டதுபோல் ஒரு பளபளப்பான கீறல். இரண்டாவது, மூன்றாவது படங்கள் இவைதான்.

பதினொரு முறை பறந்ததே என்று கேட்பீர்கள். பறக்கும். உருண்டைக் கம்பியை அழுத்திப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ வெறும் உராய்வில் கொஞ்ச காலம் தாங்கும். அன்று காலை நான் விரலால் ஆட்டியபோது இறுக்கமாக இருந்ததும் அதனால்தான். ஆனால் வால் மீது விழும் சுமை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. வேகம் இரட்டித்தால் சுமை நான்கு மடங்கு. நிதானமான சுற்றில் தாங்கிய பிடி, முழு த்ராட்டிலில் இறங்கி மேலே இழுக்கும் அந்த ஒரு நொடியில் விட்டுவிட்டது. இடப்பக்க வால் இறக்கை காற்று சொன்னபடி ஆடியது. வலப்பக்கம் மட்டும் தனியாக வாலைக் கீழே அழுத்தியது. வலப்பக்கம் மட்டும் வால் அழுந்தினால் விமானம் வலப்பக்கம்தான் உருளும். காணொளியில் உருண்டதும் வலப்பக்கம்தான்.

சரி, நீங்கள் எழுதிய காரணங்களுக்கு வருகிறேன். சிக்னல் போயிருந்தால் ஃபெயில்சேஃப் என்ற பாதுகாப்பு ஏற்பாடு த்ராட்டிலை மூடியிருக்கும். கடைசி அரை நொடியில் நான் மூடும்வரை ஃபேன் முழுச் சத்தத்தில் ஓடுவது காணொளியில் கேட்கிறது. டெலிமெட்ரியில் சிக்னல் இழப்பு ஒன்றுகூடப் பதிவாகவில்லை. ரிசீவர் மின்னழுத்தம் 5.7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவே இல்லை. பறந்தது இரண்டு நிமிடம் பத்து நொடி; நீங்களே நான்கு நிமிடம் பறக்கலாம் என்று போட்டிருக்கிறீர்கள், அதனால் பேட்டரிக் கதையும் நிற்காது. எடைமையம் தப்பாக இருந்தால் முதல் பறப்பிலேயே தெரிந்திருக்கும். பன்னிரண்டாவது பறப்பின் நடுவில் வந்து தெரியாது.

பைலட் தவறு என்பதில் மட்டும் ஒரு சின்ன உண்மை இருக்கிறது. வால் இணைப்பின் மூடியைத் திறந்து ஸ்க்ரூவைப் பார்க்காதது என் தவறுதான். ஏன் பார்க்கவில்லை? உங்கள் கையேட்டின் 14-ஆம் பக்கத்தில், வால் இணைப்பு தொழிற்சாலையிலேயே பொருத்திச் சரிபார்க்கப்பட்டது, பிரித்தால் வாரன்டி ரத்து என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். பிரித்தாலும் வாரன்டி இல்லை, பிரிக்காமல் விட்டு விழுந்தாலும் வாரன்டி இல்லை என்றால், அந்த வாரன்டி எதற்காக என்று நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் பணியாளர் தொலைபேசியில் இன்னொன்றும் சொன்னார்: மோதிய வேகத்தில் ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாமாம். மோதல் கம்பியை வளைக்கலாம், முறிக்கலாம், சர்வோ பல்லை உடைக்கலாம். கம்பியில் இருந்த தட்டையை நிரப்பி மறுபடி உருண்டையாக்குமா? மரையிலிருந்து பசையைக் கழுவி எடுக்குமா? என் கம்பி வளையக்கூட இல்லை. அந்தக் கீறல் ஒரே அடியில் வந்ததும் அல்ல. கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல கோடுகள்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை ஞாபகம் வருகிறது. எஃப்-16 விற்கும் உங்களுக்கும் தெரிந்திருக்கும். 1974 ஜனவரி 20 அன்று, அமெரிக்காவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில், எஃப்-16-இன் முன்மாதிரியான ஒய்.எஃப்-16 பறப்பதாகவே இல்லை. ஓடுபாதையில் வேகமாக ஓட்டிப் பார்க்கும் சோதனை மட்டும்தான். ஓடும்போது விமானம் பக்கவாட்டில் ஆட ஆரம்பித்து, வலது வால் இறக்கை தரையில் உரசியது. ஓடுபாதையை விட்டு விலகத் தொடங்கியதால், தரையில் வைத்திருப்பதைவிட ஏற்றிவிடுவதே மேல் என்று சோதனை பைலட் ஃபில் ஓஸ்ட்ரைக்கர் முடிவெடுத்து ஏற்றினார். ஆறு நிமிடம் கழித்துப் பத்திரமாக இறக்கினார். பிப்ரவரி 2-இல் திட்டமிட்ட முதல் பறப்பு நடந்தது. அந்த விமானம் தானாக நிலைத்துப் பறக்காதபடியே வடிவமைக்கப்பட்டது. அதன் கணினி நொடிக்கு நொடி வாலை அசைத்து அதை நிலையாக வைத்திருக்கிறது. நம் மாடலில் அந்தக் கணினி இல்லை. மூக்குப் பக்கம் கொஞ்சம் கனம், பின்னால் இரண்டு வால் இறக்கை, அவ்வளவுதான் நம்மிடம் இருப்பது. அதில் ஒன்று கழன்றால் ஓஸ்ட்ரைக்கரே வந்து குச்சியைப் பிடித்தாலும் கஷ்டம்தான். "அசல்போலவே முழுவதும் அசையும் வால்" என்று பெட்டியின் மேல் பெருமையாக அச்சடிக்கிறீர்கள். அப்படியானால் அதைத் தாங்கும் ஸ்க்ரூவுக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

இது என் ஒருவனுடைய பிரச்சினையாக இருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். எங்களோடு பறக்கும் நண்பர் ஒருவரிடம் இதே மாடல் இருக்கிறது, வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. வாரன்டி போனால் போகட்டும் என்று பிரித்தார். அவருக்கும் வலப்பக்கம் தட்டை இருக்கிறது, இடப்பக்கம் இல்லை. ஐந்தாவது படம் அவருடையது. இரண்டு பெட்டியில் ஒரே பக்கம் ஒரே குறை என்றால், தொழிற்சாலையில் இடப்பக்கக் கம்பிக்கு அந்த ஒரு வேலையே நடக்காத தொகுதி ஒன்று வெளியே போயிருக்கிறது என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

என் ஜெட்டின் எடை 3.3 கிலோ. நொடிக்கு 41 மீட்டர் என்பது, காற்றின் தடையை விட்டுவிட்டால், 80 மீட்டருக்கு மேல் உயரத்திலிருந்து கைவிட்ட பொருள் தரையைத் தொடும் வேகம். நாங்கள் எப்போதும் ஓடுபாதைக்கு அந்தப் பக்கத்தில் மட்டுமே பறக்கிறோம், ஆட்கள் தலைக்கு மேல் கொண்டுவருவதில்லை. அதனால் அன்று மண்ணைத் தவிர யாருக்கும் அடி இல்லை. எல்லா இடத்திலும் எல்லோரும் அப்படிப் பறப்பார்கள் என்று உங்களால் உறுதி சொல்ல முடியாது.

எனவே நான் கேட்பது இவை. உடைந்த மாடலுக்குப் பதிலாக, இரண்டு பக்கமும் கம்பி தட்டையாக ராவி, பசை போட்ட புதிய மாடல் ஒன்றை, ஃபேனோடு அனுப்பித் தர வேண்டும். பேட்டரியை நான் கேட்கவில்லை; அது நான் வேறு இடத்தில் வாங்கியது. அதைவிட முக்கியமாக, இந்த மாடல் வாங்கிய எல்லோருக்கும், இடப்பக்கக் கம்பியைப் பிரித்துப் பார்க்கும்வரை பறக்க வேண்டாம் என்று உடனே அறிவிப்பு அனுப்ப வேண்டும். பிரித்தால் வாரன்டி ரத்து என்ற வரியை அந்த இணைப்புக்கு மட்டுமாவது நீக்க வேண்டும். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் அறிவிப்பை முதலில் அனுப்புங்கள். என் மாடல் காத்திருக்கும்.

ஆய்வுக்கு உடைந்த பாகங்கள் அனைத்தையும் அனுப்பச் சொன்னீர்கள். வால் பகுதியை அனுப்பத் தயார். பெற்றுக்கொண்டதற்கும், ஆய்வு முடிந்ததும் திருப்பித் தருவதற்கும் எழுத்தில் உறுதி வேண்டும். இடப்பக்கக் கம்பியும் ஸ்க்ரூவும் மட்டும் என்னிடமே இருக்கும். உங்கள் ஆள் யாராவது நேரில் வந்து எத்தனை முறை வேண்டுமானாலும் அளந்து பார்த்துக்கொள்ளலாம். 15 நாளுக்குள் பதில் வரவில்லை என்றால், இதே கடிதமும் படங்களும் காணொளியும் நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்புக்குப் போகும்.

இணைப்பு: படங்கள் 5, காணொளி 1, டெலிமெட்ரி பதிவு 1.

இப்படிக்கு,
உங்கள் எஃப்-16-ஐப் பன்னிரண்டு முறை ஏற்றி, பதினொரு முறை இறக்கிய வாடிக்கையாளர்