முன்னாள் படைவீரர் சங்கச் செயலாளர் ஆண்டறிக்கை 2025-26: நமக்கென ஓர் இல்லம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, மறைந்த தோழர்களின் துணைவியரே, வணக்கம்.

வழக்கமான வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் 7 கொடிநாள் வசூலில் பங்கெடுத்தோம். நவம்பரில் உயிர்வாழ் சான்று முகாம் நடத்தினோம். பீடி சுற்றியே விரல் ரேகை தேய்ந்துபோன ஓர் அம்மாவின் கையைக் கருவி ஏற்கவே இல்லை. கடைசியில் கைபேசியில் முகத்தைக் காட்டி முடித்தோம். "அட, மூஞ்சி போதுமா!" என்று சிரித்தார்.

ஓய்வூதியம் இல்லாத, 65 வயது கடந்த படைவீரர்களுக்கும் விதவைகளுக்கும் மத்திய அரசு தரும் வறுமை நிவாரண உதவி, 2025 நவம்பர் முதல் மாதம் 4,000 ரூபாயிலிருந்து 8,000 ஆகியிருக்கிறது. இது தெரியாத வீடுகள் நிறைய. தயவுசெய்து சொல்லுங்கள்.

சரி, இனி இல்லம்: வயதான நம் உறுப்பினர்களும் விதவைகளும் தங்க ஓர் இடம் கட்டுவதா என்ற கேள்வி. படைவீரர் இல்லம் புதிய யோசனை அல்ல. பாரிஸில் பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயி 1670-லேயே உத்தரவு போட்டார். லண்டன் செல்சீயில் 1692-ல் ஆட்கள் குடியேறினார்கள். இரண்டுமே சிப்பாய்க்காகக் கட்டியவை, விதவைக்காக அல்ல. விதவைகளையும் சேர்த்து யோசித்தவர், வேடிக்கை பாருங்கள், நம் ஆற்காட்டை 1751-ல் பிடித்த கிழக்கிந்தியக் கம்பெனியின் ராபர்ட் கிளைவ். வங்காள நவாப் மீர் ஜாபர் விட்டுச்சென்ற ஐந்து லட்சம் ரூபாயைக் கொண்டு 1770-ல் ஒரு நிதி வைத்தார். அதுவும் ஐரோப்பியருக்குத்தான். அவரோடு ஆற்காட்டுக்கு நடந்த 500 பேரில் 300 பேர் இந்தியச் சிப்பாய்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் அந்தக் கணக்கில் இல்லை.

அதனால்தான் இம்முறை பெண்களிடம் முதலில் கேட்டோம். கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்களில், "ஊரை விட்டு வரமாட்டோம். ராத்திரி உடம்புக்கு முடியலைன்னா ஆட்டோ பிடிக்க ஆள் இருந்தா போதும்" என்றுதான் பலரும் சொன்னார்கள். தனியாக வாழும் ஆண்களோ வேலூரில், மருத்துவமனைக்குப் பக்கத்தில் அறை கேட்கிறார்கள். குழுவிலும் இதே பிளவுதான். என் கருத்து, ஊரிலேயே பகல் நேரப் பராமரிப்பு, சமையல், இரவுக்கு ஓர் உதவியாளர் என்று தொடங்கலாம், கட்டடம் அப்புறம்.

நிலம் கேட்டுக் கொடுத்த மனுவுக்குப் பதில் வரவில்லை. இரண்டு யோசனைகளும் இன்று வாக்கெடுப்புக்கு வருகின்றன. துணைவியருக்கும் வாக்கு உண்டு. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.