டிக்கிப் பெட்டியின் மேல் மூன்று எண்களை எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார் அலங்காரக் கடைகளில் '12 இஞ்ச் போர்ட் பாக்ஸ்' என்று அடுக்கிவைத்து விற்கிறார்களே, அந்தப் பெட்டிகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். எந்த நிறுவனத்தின் 12 இஞ்ச் சப்வூஃபரை (தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கரை) வாங்கினாலும் அதே பெட்டியில்தான் பொருத்தித் தருகிறார்கள். உள்ளே எத்தனை லிட்டர் காற்று, போர்ட் (பெட்டியில் விட்ட காற்றுக் குழாய்) எத்தனை ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு எத்தனை அதிர்வுக்கு, டியூன் ஆகியிருக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. ஆறு மாதத்தில் ஸ்பீக்கரின் கோன் (முன்னும் பின்னும் அசையும் கூம்பு) கிழிந்தாலோ அதை ஆட்டும் காயில் (கம்பிச் சுருள்) கருகினாலோ பழி ஸ்பீக்கர் மேல் விழுகிறது. பல சமயம் அதைக் கொன்றது பெட்டிதான்.

போர்ட் என்பது காற்று வெளியேற விட்ட ஓட்டை அல்ல. கடம் வாசிப்பவர் பானையின் வாயை வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் கீழ்த்தொனியை மாற்றுவதைப் பார்த்திருப்போம். உள்ளே அடைபட்ட காற்று வில்லாகவும், வாயில் நிற்கும் காற்று எடையாகவும் நின்று ஒரு குறிப்பிட்ட சுருதியில் ஆடுகின்றன. போர்ட் பெட்டியும் அதே கணக்குதான். அந்தச் சுருதியில் கோன் ஏறக்குறைய அசையாமல் நிற்க, சத்தத்தைப் போர்ட்டே கொடுக்கிறது. அதற்குக் கீழே இறங்கினால் கதை தலைகீழ். கோனின் பின்பக்கக் காற்று தடையில்லாமல் போர்ட் வழியே போய்வரும். பிடிமானம் இழந்த கோன் அளவுக்கு மீறி ஆடி, காயில் காந்த இடைவெளியை விட்டு வெளியே வந்து அடிபடும். போர்ட் இல்லாத மூடிய பெட்டியில் இந்த ஆபத்து மிகக் குறைவு.

கடைப் பெட்டிகளில் பல, போர்ட் நீளம் போதாமல் 45 ஹெர்ட்ஸுக்கு மேல் டியூன் ஆகிவிடுகின்றன. கடையில் ஒரு பாட்டு போட்டுக் காட்டினால் 'தும் தும்' என்று அதிரும், வாங்குபவர் மயங்கிவிடுவார். ஆனால் எந்தப் பாட்டைப் போட்டாலும் அதே ஒற்றைத் தும்தான் கேட்கும். இன்றைய பாடல்களில் கணினியில் உருவாக்கும் பேஸ் 30, 35 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது. அந்த இடங்களில்தான் கோன் காவு போகிறது.

பெட்டி செய்யத் தொடங்கும் முன் ஸ்பீக்கரோடு வரும் தாளைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-ல் வெளியிட்டு, ரிச்சர்ட் ஸ்மால் 1970களில் விரிவாக்கிய கணக்கின் எண்கள் அதில் இருக்கும்: எஃப்.எஸ். (ஸ்பீக்கரின் சொந்தச் சுருதி), க்யூ.டி.எஸ்., க்யூ.இ.எஸ். (கோனின் ஆட்டம் எவ்வளவு அடங்குகிறது என்பதன் மொத்தக் கணக்கும் மின் கணக்கும்), வி.ஏ.எஸ். (கோனின் பிடிமானத்துக்கு ஈடான காற்றின் அளவு), எக்ஸ்மேக்ஸ் (கோன் ஒழுங்காக ஆடக்கூடிய தூரம்). எஃப்.எஸ்.ஸை க்யூ.இ.எஸ்.ஸால் வகுத்தால் 50-க்குக் கீழே வருகிறதா? அந்த ஸ்பீக்கருக்கு மூடிய பெட்டியே நல்லது. 100-க்கு அருகில் வந்தால் போர்ட். நடுவில் வந்தால் இரண்டும் ஒத்துவரும். இந்தத் தாளே இல்லாத ஸ்பீக்கருக்குப் போர்ட் பெட்டி செய்வது குருட்டு வேலை.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். 12 இஞ்ச் ஸ்பீக்கர், நிகரக் கொள்ளளவு 50 லிட்டர், டியூன் 33 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். வட்டக் குழாயானால் உள்விட்டத்தை செ.மீ.யில் எடுத்து, அதன் வர்க்கத்தை 23,562-ஆல் பெருக்குங்கள். அதை ஹெர்ட்ஸின் வர்க்கத்தையும் லிட்டரையும் பெருக்கி வரும் எண்ணால் வகுங்கள். கடைசியில் விட்டத்தின் 0.73 மடங்கைக் கழித்தால் மிஞ்சுவது குழாயின் நீளம். பிளம்பிங் கடையில் கிடைக்கும் 110 மி.மீ. பி.வி.சி. குழாய்க்கு உள்விட்டம் 10.4 செ.மீ. என்றால் நீளம் 39 செ.மீ. வரும். பார்க்க வசதிதான். ஆனால் அதன் பரப்பு 85 சதுர செ.மீ. மட்டும். 500 வாட் கொடுத்தால் காற்று அந்தச் சந்தில் சீறும். பேஸோடு 'புஸ் புஸ்' என்ற சத்தமும் கேட்கும். 50 லிட்டருக்கு 150 சதுர செ.மீ.யாவது வேண்டும். பரப்பை இரட்டித்தால் நீளமும் ஏறக்குறைய இரட்டிக்கும். கடைக்காரர்கள் குறுக்கு வழி தேடுவது இந்த இடத்தில்தான்.

அதனால் பலகையாலேயே 4.5 செ.மீ. அகலச் சந்து விட்டு, பெட்டியின் பக்கவாட்டிலும் பின்புறத்திலும் 'ட' போல மடக்குவது நல்லது. உள் உயரம் 34.4 செ.மீ. என்றால் பரப்பு 155 சதுர செ.மீ.; நடுக்கோட்டில் அளந்தால் நீளம் 75 செ.மீ. வர வேண்டும். உள்ளளவு 58 x 34.4 x 35 செ.மீ. வைத்தால் மொத்தம் 70 லிட்டர். அதில் போர்ட்டின் காற்றுக்கு 11.5, போர்ட் பலகைக்கு 4, ஸ்பீக்கரின் காந்தத்துக்கும் கூடைக்கும் 3, முட்டுக்கட்டைகளுக்கு ஒன்றரை லிட்டர் கழியும். மிச்சம் 50. இந்தக் கழித்தலைச் செய்யாமல் '70 லிட்டர் பெட்டி' என்று நம்பிப் போர்ட் வெட்டினால் சுருதி முழுக்கத் தப்பும்.

பலகை 18 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்தது); முன்பலகை மட்டும் இரட்டை. வெளியளவு 61.6 x 38 x 40.4 செ.மீ. எட்டுக்கு நாலு பலகை ஒன்று தாராளம். மரம் வாங்கும் முன் டிக்கியின் வாயை அளந்துவிடுங்கள். உள்ளே இடம் இருந்தும் வாய் வழியே நுழையாத பெட்டியால் பயன் இல்லை. ஸ்டெப்னி டயர் தரைக்கு அடியில் இருக்கும் கார்களில், சாலையோரத்தில் ஒருவரே பெட்டியை நகர்த்தும்படியும் இருக்க வேண்டும். சி.என்.ஜி. சிலிண்டர் உள்ள டிக்கியில் இந்த வேலையே வேண்டாம்.

காற்றை அடைப்பது மரப்பசை. பசை காயும்வரை பலகையைப் பிடித்துக்கொள்ளத்தான் ஸ்க்ரூ. 15 செ.மீ.க்கு ஒன்று போதும். முதலில் துளை போடாமல் முறுக்கினால் எம்.டி.எஃப். விளிம்பு பிளந்துவிடும். உள்மூலை எல்லாவற்றிலும் பசையை விரலால் இழுத்துவிடுங்கள். ஹாட் க்ளூ கூடாது. சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் அது இளகிவிடும். வெட்டிய விளிம்புகளுக்குத் தண்ணீர் கலந்த மரப்பசையோ சீலரோ இரண்டு கை பூசுங்கள். இல்லாவிட்டால் ஐப்பசி மழை ஈரத்தில் பலகை உப்பி, இணைப்பு வாய் திறக்கும். கடலோர ஊர்களில் எம்.டி.எஃப்.பை விட ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் நெடுநாள் நிற்கும். செலவு கூடும்தான். உள்ளே பஞ்சு திணிக்காதீர்கள். அது மூடிய பெட்டிக்கான வைத்தியம்.

கணக்கு சரியாக இருந்தாலும் பெட்டியைச் சோதிக்காமல் கார்பெட் ஒட்டக் கூடாது. போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றை இறக்கி, குறைந்த ஒலியில் 45 ஹெர்ட்ஸிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கி வாருங்கள். கோன் எந்த எண்ணில் மிகக் குறைவாக அசைகிறதோ அதுதான் பெட்டியின் உண்மையான டியூன். சுவரையொட்டிய சந்துப் போர்ட் கணக்கைவிடச் சில ஹெர்ட்ஸ் கீழே வருவது வழக்கம். அப்போது போர்ட்டின் உள்நுனியைக் கொஞ்சம் அறுத்துச் சரிசெய்யலாம். அதற்காகவே மேல்பலகையைப் பசை இல்லாமல் நுரைப்பட்டை வைத்து முறுக்கிச் சோதித்து, கடைசியில் ஒட்டுங்கள். அதே டோனில் ஊதுபத்தியை இணைப்புகள் மேல் நகர்த்தினால், புகை எங்கே துள்ளுகிறதோ அங்கே கசிவு.

ஆம்பில் (ஆம்ப்ளிஃபயரில்) சப்சானிக் ஃபில்டர், அதாவது மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டும் வசதி, இருந்தால் அதை டியூனுக்கு நான்கைந்து ஹெர்ட்ஸ் கீழே வையுங்கள்; மேலே சொன்ன பெட்டிக்கு 28. இந்த வசதி இல்லாத ஆம்பைப் போர்ட் பெட்டியோடு விற்பதே தவறு. 500 வாட் கிளாஸ் டி ஆம்ப் முழு வேகத்தில் ஏறக்குறைய 45 ஆம்பியர் இழுக்கும். அதற்கு நாலு கேஜ் சுத்தச் செம்பு ஒயரும், பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் 60 ஆம்பியர் ஃபியூஸும் வேண்டும். அலுமினியத்தில் செம்பு பூசிய ஒயர் என்றால் இன்னும் தடிமனாகப் போடுங்கள். ஃபியூஸை டிக்கிக்குள் ஆம்ப் பக்கத்தில் மட்டும் வைப்பவர்கள் நான்கு மீட்டர் ஒயரைப் பாதுகாப்பில்லாமல் சீட்டுக்கு அடியில் விடுகிறார்கள். எங்காவது தகரத்தில் உரசி ஷார்ட் ஆனால் கார் எரியும்.

பெட்டியும் ஸ்பீக்கருமாக 30 கிலோவை நெருங்கும். எல் கிளாம்ப் வைத்தோ பட்டை போட்டோ கட்டுங்கள். கட்டாத பெட்டி திடீர் பிரேக்கில் பின்சீட்டை இடித்துக்கொண்டு வரும். டிக்கித் தரையில் துளை போடும் முன் அடியில் குனிந்து பார்ப்பது கட்டாயம். பெட்ரோல் டேங்கும் பிரேக் குழாயும் அங்கேதான் போகின்றன. போர்ட் வாய்க்கு முன்னால் ஒரு சாண் இடமாவது காலியாக இருக்கட்டும். பையை வைத்து மறைத்தால் சுருதி மாறும்.

பெட்டி விற்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். நிகர லிட்டர், டியூன் ஹெர்ட்ஸ், போர்ட் பரப்பு என்ற மூன்று எண்களையும் பெட்டியின் மேல் ஒட்டி விற்கட்டும். மளிகைப் பொட்டலத்தின் மேல்கூட எடை எழுதியிருக்கிறது. ஆயிரக்கணக்கில் பணம் வாங்கும் பெட்டிக்கு இது பெரிய பாரம் அல்ல. அதுவரை வாங்குபவர்கள் கடைக்கு ஒரு ஸ்டீல் டேப் எடுத்துப் போங்கள். ஸ்பீக்கர் துளை வழியே கையை விட்டுப் போர்ட்டின் அகலம், உயரம், நீளம் மூன்றையும் அளந்து, பணம் கொடுக்கும் முன்பே கணக்கைப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
கார் ஒலிப்பெட்டி செய்பவர் ஒருவர்,
கோயம்புத்தூர்